மீன் லாரிக்காரன் சட்டைக்கு எந்தச் சோப்பு

இரத்தக் கறைக்குச் சுடுதண்ணீர் கூடாது. சுடுதண்ணீரில் போட்டால் கறை வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு எந்தக் கடையில் எந்தச் சோப்பை வாங்கி வந்து தேய்த்தாலும் போகாது. பச்சைத் தண்ணீர், ஒரு கை உப்பு, மஞ்சள் நிறச் சவுக்காரக் கட்டி, இவ்வளவு போதும். இது எனக்குத் தெரிந்த விஷயம். என் தங்கச்சிக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்துபோனது. அது எப்படி என்று எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கூலிமில் ஒரு தாமான் குடியிருப்பில். என் வீட்டுக்காரருக்கு ஹைடெக் பார்க்கில் ஃபேக்டரி வேலை, ஷிப்டு. நான் பிறந்த எஸ்டேட் பக்கத்தில்தான். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள், லயன் வீடுகளை இடித்தார்கள், சனங்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டோம். மாதா கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் அப்படியே இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு ஃபாதர் வந்து பூசை வைப்பார். அந்தக் கோயிலின் பீடத்துணிகளைத் துவைக்கிற பொறுப்பு என்னுடையது. நான் மூன்றாம் பாரம் வரைதான் படித்தேன். பாட்டு வராது. வாசகம் வாசிக்கச் சொன்னால் நாக்கு தடிக்கும். துவைக்கத் தெரியும், அதை ஆண்டவருக்குச் செய்கிறேன்.

அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. பூசையில் திராட்சை இரசக் கிண்ணத்தைத் துடைத்த துணியை மற்ற துணிகளோடு சேர்த்து மெஷினில் போட முடியாது. அதற்கென்று ஒரு வெள்ளை பேசின் வைத்திருக்கிறேன். முதலில் சோப்பு இல்லாமல் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். அந்த முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடக் கூடாது. பூசையில் அந்த இரசம் ஆண்டவருடைய இரத்தமாகிவிடும், அது பட்ட துணி. கோயிலுக்குப் பின்னால், யாரும் கால் வைக்காத இடத்தில், மண்ணில் ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் சோப்பு. அதிலும் வாசனை போட்ட சோப்பு ஆகாது, பிளீச் ஆகாது. இதையெல்லாம் செய்து செய்து, கறை என்றாலே நம்ம ஆட்கள் என்னைத்தான் தேடி வருவார்கள். மெழுகு, குழம்பு, லிப்ஸ்டிக், செம்பனை எண்ணெய், எதுவானாலும் என்னிடம் வரும்.

தங்கச்சியும் அப்படித்தான் கேட்டாள். போனில்.

"அக்கா, வேலையா இருக்கியா?"

"இல்ல, சொல்லு."

"மீன் கவுச்சி போவ எந்தச் சோப்புக்கா நல்லது?"

அவள் புருஷனுக்குக் கோலா கெடாவில் வேலை. படகுத்துறையில் மீனையும் ஐஸையும் லாரியில் ஏற்றி, கூலிம், பண்டார் பாரு என்று பாசார் பாசாராகக் கொண்டுபோய் இறக்குவான். உழைப்பாளி, கோயிலுக்கு ஒழுங்காக வருகிறவன், பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவான். கட்டிக் கொடுத்தபோது எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை அவள் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள். ஒரு ஞானஸ்நான விருந்து. நானும் அங்கே இருந்தேன். சாப்பாட்டு மேசையில் எங்கள் சொந்தக்காரர் ஒருவர் அவன் தோளில் தட்டி, "என்னா மாப்ள, சட்டைக்குள்ள கெம்போங் மீனு வெச்சிருக்கியா? பூனையெல்லாம் ஹால் வாசல்லயே நிக்குது லா" என்றார். மேசையே சிரித்தது. அவனும் சிரித்தான், எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான். வீட்டுக்குப் போனதும் அந்தச் சட்டையைக் கழற்றி, பின்னாலிருந்து அவள் முகத்தில் போட்டு, சட்டையின் இரண்டு கைகளையும் பிடரியில் முடிச்சுப் போட்டு இறுக்கியிருக்கிறான். "மோந்து பாரு. நல்லா மோந்து பாரு. ஊரே மோந்து பாத்துச்சு, நீ பாக்கலியே." மூச்சு விட முடியாமல் அவள் தரையில் காலை உதைக்கிற வரைக்கும் அவன் விடவில்லை.

அதைத்தான் அவள் என்னிடம், மீன் கவுச்சிக்கு எந்தச் சோப்பு என்று கேட்டாள். நான் சோப்புத்தூள் போடச் சொன்னேன்.

சோப்புத்தூள் சரியாகக் கரையாமல் காலரில் மணல் மாதிரி ஒட்டிக்கொண்டது. அதற்கு உதடு கிழிந்தது. லிக்விட் போட்டாள். பூ வாசனைக்கு அடியில் கவுச்சி அப்படியே இருந்தது. அதற்கு இடது கைச் சுண்டுவிரலைப் பின்னால் மடக்கினான். சவுக்காரக் கட்டியைக் கையில் தேய்த்துப் பார்த்தாள். ஈரக் கட்டியைத் தூக்கி அடித்தான், கழுத்தெலும்பில் பட்டது. எலுமிச்சை, வினிகர், சோடா மாவு, எல்லாம் நான் சொன்னேன், அவள் செய்தாள். இதில் எதையும் அவள் அடி என்று சொல்லமாட்டாள்.

"அந்தச் சோப்பு ஒத்து வரலக்கா" என்பாள்.

ஒத்து வரவில்லை என்றால் என்ன என்று எனக்கு விளங்கும். ஆனாலும் நானும் அவளும் நிஜமாகவே நம்பினோம், எங்கோ ஒரு கடையில், ஒரு தட்டில், அந்தச் சரியான சோப்பு இருக்கிறது என்று. சிரிக்காதீர்கள். செபமாலை சொல்லும்போது ஒவ்வொரு நாளும் ஒரு கருத்து வைத்துச் செபிப்போம் அல்லவா, நோயாளிகளுக்காக, பிள்ளைகள் படிப்புக்காக என்று. நான் சோப்புக்காக வைத்தேன். மாதாவே, அவளுக்கு ஒரு நல்ல சோப்பைக் காட்டிக் கொடு என்று மணியை உருட்டினேன்.

ஒரு நாள் கூலிம் பாசாரில் மீன் இறக்க வந்தவன் அவளையும் லாரியில் ஏற்றி வந்தான். "ஒங்க அக்காள கூட்டிக்கிட்டுப் போயி நல்லதா ஒண்ணு வாங்கி வை, நா எறக்கிட்டு வந்துர்றேன்" என்று சூப்பர்மார்க்கெட் வாசலில் விட்டுவிட்டுப் போனான். நான் ஓடினேன். அவள் மாஸ்க் போட்டுக்கொண்டு சோப்பு வரிசையில் நின்றாள்.

அந்த வரிசையைப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றும். தரையிலிருந்து கூரை வரைக்கும் பாக்கெட்டும் போத்தலும். எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு பூ, ஒரு சிரிக்கிற பொம்பளை. தங்கச்சி ஒவ்வொரு போத்தலாக எடுத்து மூடியைத் திறந்து, மாஸ்கைக் கீழே இழுத்து மோந்து பார்த்துவிட்டு வைத்தாள். அப்போதுதான் வாயைப் பார்த்தேன். கீழுதடு தோலுரிந்து வெளுத்துக் கிடந்தது. ஓரத்தில் பச்சைப் புண்.

"என்னாடி வாயில?"

"கேப்சூலுக்கா."

மெஷினுக்குள் அப்படியே போடுகிற உருண்டைச் சோப்பைச் சொல்கிறாள். ஜெல்லி மாதிரி இருக்குமே, அது.

"கேப்சூலு எப்படிடி வாயில?"

"ஒண்ணு கரையாம சட்டப் பாக்கெட்ல ஒட்டிக்கிச்சு. அதுக்கு." அவள் இன்னொரு போத்தலைத் திறந்தாள். "தாடையப் புடிச்சு உள்ள வெச்சு கடிக்கச் சொன்னாரு. இது லவெண்டராம், நல்லா இல்ல?"

நான் அந்தப் போத்தலை அவள் கையிலிருந்து வாங்கித் தட்டில் வைத்தேன்.

விற்பனைக்கு நின்ற மலாய்ப் பெண் ஒருத்தி எங்களைப் பார்த்து வந்தாள். சின்னப் பெண், நல்ல சிரித்த முகம். "காக், சுவாமி கெர்ஜா அப்பா?" என்றாள், அக்கா, புருஷனுக்கு என்ன வேலை என்று. "லோரி ஈக்கான்" என்றாள் தங்கச்சி. மீன் லாரியா, அது கஷ்டம்தான் என்று அவள் உச்சுக் கொட்டி, மேல் தட்டிலிருந்து ஒரு நீலப் போத்தலைக் காட்டினாள். எந்த நாற்றத்தையும் எடுத்துவிடுமாம். இதைப் போட்டுத் துவைத்தால் புருஷன் கட்டாயம் கொஞ்சுவான் என்று கண்ணடித்தாள். தங்கச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜச் சிரிப்பு. சிரித்ததும் உதட்டுப் புண் வெடித்து, ஒரு சொட்டு தாடையில் இறங்கியது. அந்தப் பெண் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

நீலப் போத்தலை எடுக்கத் தங்கச்சி கையைத் தூக்கினாள். சட்டைக் கை நழுவியது. முழங்கையிலிருந்து அக்குள் வரைக்கும் மஞ்சளும் ஊதாவுமாகக் கன்றியிருந்தது.

அப்போதுதான் அவன் வந்தான். ரப்பர் பூட்ஸ், கையெல்லாம் மீன் செதில். "அக்கா சொகமா இருக்கீங்களா? சகலை டே ஷிப்டா?" என்றான் மரியாதையாக. அவள் கையிலிருந்த போத்தலை வாங்கி, மூடியைத் திறந்து, அவள் மூக்குக்கு நேராகப் பிடித்தான். இன்னொரு கையை அவள் பிடரியில் வைத்தான். பார்க்கிறவர்களுக்கு அன்பாக இருப்பது போலத்தான் தெரியும். கட்டைவிரல் அவள் காதுக்குப் பின்னால் உள்ளே போய்க்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

"இது ஒத்து வருமா? அக்கா முன்னாடி சொல்லு."

"வரும்."

"வரலன்னா?"

அவள் கண்ணில் தண்ணீர் கட்டியது. போத்தல் வாசனை காட்டமானது, அதனால்தான் என்று யாரும் நினைக்கலாம்.

"வரலன்னா அக்காவத்தான் கேக்கணும், என்னாக்கா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் டிராலியின் கம்பியைப் பிடித்திருந்தேன். எனக்கு அவன் கண்ணைத் தோண்ட வேண்டும் போல இருந்தது. பாவம் என்று தெரியும். இன்றைக்கும் அந்த எண்ணத்தை ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை, சொல்கிற அளவுக்கு அதற்காக வருத்தம் இல்லை.

நீலப் போத்தலும் ஒத்து வரவில்லை.

அது தெரிந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் எஸ்டேட் கோயிலில் பூசை இருந்த ஞாயிறு. அங்கே கோலா கெடாவில் அவன் பூசைக்குப் போட வேண்டிய வெள்ளைச் சட்டையை மெஷினிலிருந்து எடுத்து மோந்து பார்த்திருக்கிறான். பிறகு அவள் தலைமுடியைப் பிடித்து மெஷினுக்குள் தள்ளி, மேல் மூடியைத் தலைமேல் அடித்தான். மூடியைத் தூக்கி மறுபடி அடித்தான். கை ஓய்கிற வரைக்கும் அடித்தான். மெஷின் விளிம்பில் புருவம் பிளந்தது. பல் ஒன்று உடைந்து உள்ளே கிடந்த துணிகளில் விழுந்தது. அதற்குப் பிறகு, பூசைக்கு நேரமாகிறது என்று குளிக்கப் போய்விட்டான். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் அவள் பின்வாசல் வழியாக வெளியே வந்துவிட்டாள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மோட்டார் சைக்கிளில் கிளினிக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். தையல் போட்ட நர்ஸ் மிஸ்ஸி, அந்த அம்மா கொடுத்த மாற்றுச் சட்டையைப் போடச் சொல்லி, இரத்தமான சட்டையை மடித்து அவள் கையில் கொடுத்து, இதைத் துவைக்காதே, போலீசுக்கு வேண்டும் என்று சொல்லி அனுப்பினாளாம்.

பஸ் ஏறி மதியம் என் வாசலில் வந்து நின்றாள். நான் பூசை முடிந்து கொண்டுவந்த துணிகளை அலச, வெள்ளை பேசினில் பச்சைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்த நேரம்.

முகத்தைப் பார்த்து நான் கத்தினேனா, அவளைக் கட்டிக்கொண்டேனா, ஞாபகம் இல்லை. என் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். அவள் கையிலிருந்த சட்டையை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். பூசைக்குப் போட என்று நான் அவளுக்குத் தைத்துக் கொடுத்த சந்தன நிறச் சட்டை. முன்பக்கம் முழுவதும் சிவப்பு. தண்ணீருக்கு மேல் கொண்டுபோய்விட்டேன். அவள் பின்னாலேயே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொவைக்காதக்கா."

"இப்பவே ஊறப்போட்டாத்தான்டி போவும். காஞ்சிட்டா போவாது."

"போவக் கூடாது."

நான் அவளைப் பார்த்தேன். ஒரு கண் மூடியிருந்தது. இன்னொரு கண்ணில் அழுகை இல்லை.

"போவக் கூடாதுக்கா. இத்தன நாளா போவுது போவுதுன்னு நாம தொவைச்சிக்கிட்டே இருந்தோம்."

எங்களில் எந்தப் பெண்ணும் அப்படித்தான் செய்வாள். அடி வாங்கி வந்தவளுக்கு முதலில் தண்ணீர் கொடுப்போம், முகத்தைக் கழுவிவிடுவோம், துணியை வாங்கி ஊறப்போடுவோம். அழுது முடிப்பதற்குள் துணி கொடியில் தொங்கும். பாலாய்க்கு, போலீஸ் ஸ்டேஷனுக்கு, போய் நின்றால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. ஈரக் கையோடு அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பிறகு ஒரு தமிழ்ப் பேப்பரை விரித்து அதில் சுற்றினேன். வீட்டில் தூசி படாத இடம் ஒன்றுதான், பீடத்துணிகள் வைக்கிற பெட்டி. அதில் வைத்தேன்.

அன்றைக்கே பாலாய் போகலாம் என்றார் என் வீட்டுக்காரர். அதற்குள் அன்பியத்துப் பெரியவர் வந்துவிட்டார். அன்பியம் என்பது எங்கள் தாமானில் உள்ள கத்தோலிக்க வீடுகள் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கிறது. அதற்குத் தலைவர் அவர். நல்ல மனிதர்தான். அவன் அம்மா அவருக்குப் போன் பண்ணி அழுதிருக்கிறாள்.

"போலீஸ்னு போனா அப்பறம் கோர்ட்டுதான், ரெண்டு குடும்பம் பேரும் நாறிப் போவும். புதன்கெழம செபம் ஒங்க வீட்லதான? செபம் முடிஞ்சி அவங்கள வரச் சொல்லுவோம். ஆண்டவர் முன்னால ஒக்காந்து பேசுவோம்" என்றார்.

"எங்க பேசுனாலும் இவள நா அனுப்ப மாட்டேன்" என்றார் வீட்டுக்காரர்.

"பேசட்டும் மாமா" என்றாள் தங்கச்சி. வீக்கத்தில் பேச்சு குழறியது. "என்னா பேசுறாங்கன்னு பாப்போம்."

அவள் திரும்பிப் போய்விடுவாளோ என்று அந்த மூன்று நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போனால் அடுத்த முறை பஸ் ஏறி வரமாட்டாள், சவப்பெட்டியில்தான் வருவாள். இதை ஆண்டவரிடம் இப்படியே, இந்த வார்த்தையிலேயே சொன்னேன்.

புதன்கிழமை சாயங்காலம் மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, சிலுவையில் பாடுபட்ட ஆண்டவர் சுரூபத்தை வைத்து, மெழுகுவத்தி ஏற்றினேன். செபம் முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். பெரியவர் மட்டும் இருந்தார். அவன் தன் அம்மாவோடு வந்தான். அந்த அம்மா கையில் பெரிய சோப்புத்தூள் வாளி, மூடி போட்டது, சீல் உடைக்காதது. அதைச் சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தங்கச்சியிடம் சொன்னாள்:

"இதாம்மா அவனுக்கு ஆவும். சின்னப் புள்ளயிலேருந்து நா இதுலதான் தொவைச்சுப் போட்டேன். எங்கிட்ட மொதல்லயே ஒரு வார்த்த கேட்டிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்குமா?"

தங்கச்சி அந்த வாளியின் மூடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"மாமா சட்டையும் இதுலதான் தொவைச்சீங்களா அத்தை?"

"அவருக்கும் இதுதான்."

"அப்ப மாமா ஒங்கள அடிச்சதில்லையா?"

அந்த அம்மா முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பெரியவரைப் பார்த்தாள், சுரூபத்தைப் பார்த்தாள். "அதெல்லாம் எந்த வீட்லதான் இல்ல" என்றாள் கடைசியில்.

எனக்கு அந்த இடத்தில் உள்ளே ஏதோ அறுந்தது. நான் சோப்புக்காக உருட்டிய மணிகள் எல்லாம் தரையில் சிதறி ஓடுகிற மாதிரி இருந்தது.

அவன் முழங்கால் போட்டான். அழுதான். நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன், கண்ணீர் கொட்டியது. "தப்புதான். என்னயும் மீறிப் போயிருச்சு. இனிமே கைய வெக்க மாட்டேன்" என்றான். பெரியவர் தங்கச்சி பக்கம் திரும்பினார். "பாரும்மா, ஆண்டவர் முன்னால மன்னிப்புக் கேக்குறாரு. ஒரு தடவ…"

"அக்கா" என்றாள் தங்கச்சி. "அத எடுத்துட்டு வா."

பெட்டியைத் திறந்து எடுத்து வந்தேன். அவளே மேசைமேல் வைத்துப் பேப்பரைப் பிரித்தாள். காய்ந்த இரத்தம் கறுத்துப் பேப்பரோடு ஒட்டியிருந்தது. உரிக்கும்போது கரகரவென்று சத்தம். சட்டை தோல் மாதிரி விறைத்து நின்றது. பெரியவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். முகத்துக் காயத்தை அவர் பார்த்திருந்தார், இவ்வளவு இரத்தத்தைப் பார்க்கவில்லை.

அவன் அம்மாவின் கை உடனே நீண்டது. என் கை நீண்டது போலவே.

"அடியே, இத ஏன் இப்படிப் போட்டு வெச்சிருக்கீங்க? குடு, நா ஊறவெச்சு எடுத்துர்றேன். இதுல போட்டா போயிரும்."

அவன் அழுகை நின்றுவிட்டது. "எதுக்கு அத வெச்சிருக்க?" என்றான்.

"பாலாய்க்கு."

முழங்காலிலிருந்து அப்படியே பாய்ந்தான். சட்டையின் ஒரு கை அவன் பிடியில், மற்றது அவள் பிடியில். தையல் கிழிகிற சத்தம் கேட்டது. அவள் விடவில்லை என்றதும் மேசைமேல் இருந்த வாளியைத் தூக்கி அவள் தலைக்கு ஓங்கினான். நான் நடுவில் போனேன். வாளி என் வாயில் இறங்கியது. பல் ஒன்று உடைந்து நாக்கில் குத்தியது. வாளி உடைந்து சோப்புத்தூள் வீடெல்லாம் கொட்டி, மெழுகுவத்தி அணைந்து, எல்லோர் கண்ணும் எரிந்தது. என் வாயிலிருந்து கொட்டியது வெள்ளைத் துணியில் விழுந்தது. தங்கச்சி சட்டையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் குப்புற விழுந்து சுருண்டாள். அவன் அவள் விலாவில் மிதித்தான். முதுகில் மிதித்தான். "குடுறி, குடுத்துருடி" என்று அவன் அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினாள், மகனைப் பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து அவன் கழுத்தில் கை போட்டு இழுத்தார். அவன் அவர் கையைக் கடித்தான், சதை தொங்குகிற மாதிரி. அந்த வயதில் பெரியவர் அவன் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தொங்கினார். சுவரில் மோதினார்கள். அலமாரிக் கண்ணாடி உடைந்தது. சோப்புத்தூளில் கால் வழுக்கி அவன் விழுந்தான். அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்காரர் அவன்மேல் ஏறி உட்கார முடிந்தது.

தங்கச்சி தரையில் கிடந்தபடியே கேட்டாள்: "அக்கா, சட்ட ஈரமாயிருச்சா பாரு."

ஈரமாகவில்லை.

பெரியவர் எழுந்தார். தலைமுடி, புருவம் எல்லாம் சோப்புத்தூள், மூக்குக்கண்ணாடி எங்கேயோ போய்விட்டது. சமாதானம் பேச வந்த மனிதர், என்னைப் பார்க்காமல் தங்கச்சியிடம் சொன்னார்: "எந்திரிம்மா. நா வண்டிய எடுக்குறேன்."

பாலாயில் ஒரு பெண் போலீஸ் பேப்பரைப் பிரித்துப் பார்த்தாள். இதுவரைக்கும் எத்தனையோ பேர் துவைத்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று மலாயில் முணுமுணுத்துக்கொண்டே எழுதினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, காக், உன் சட்டையையும் துவைக்காதே என்றாள். தெரியும் என்றேன்.

அவனை அன்றைக்கே எங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். கேஸ் இன்னும் நடக்கிறது. அவள் பக்கம் வரக் கூடாது என்று உத்தரவு வாங்கியிருக்கிறோம். அவன் அம்மா போன் பண்ணுவதில்லை. அந்த அம்மாவுக்காகவும் நான் செபிக்கிறேன், அவளுக்கு யாரும் சட்டையை எடுத்து வைக்கவில்லை.

கொட்டின சோப்புத்தூளைக் கூட்டி அள்ளினோம். இருந்தாலும் மேசைக்காலுக்கு அடியில், டைல்ஸ் இடுக்கில், அலமாரிக்குப் பின்னால் எல்லாம் புகுந்திருக்கிறது. மாப் போடும்போதெல்லாம் எங்கிருந்தோ நுரை கிளம்பும். ஒரு நாள் மாப்பைப் பிழிந்துகொண்டே தங்கச்சி, "நல்ல சோப்புதான்க்கா, அத்தை பொய் சொல்லல" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குப் பல் போன இடத்தில் காற்று போனது. அவள் விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த மேசைத்துணியில் என் இரத்தமும் இருந்தது, தையல் விட்டுப்போய் அவள் புருவத்திலிருந்து சொட்டியதும் இருந்தது. போலீஸ் அதைக் கேட்கவில்லை. இனிமேலும் கேட்கமாட்டார்கள் என்று உறுதியானதும் ஒரு நாள் வெள்ளை பேசினில் போட்டேன். காய்ந்த கறை, நன்றாகப் போகவில்லை, பழுப்பாக நிற்கிறது. அந்த முதல் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றத் தூக்கினேன். மனசு வரவில்லை. வாளியில் மூடி வைத்து, எஸ்டேட் கோயிலுக்குப் பூசைக்குப் போனபோது கொண்டுபோய்ப் பின்னால் மண்ணில் ஊற்றினேன். செய்யலாமா கூடாதா என்று ஃபாதரிடம் கேட்கவில்லை. ஆண்டவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

தங்கச்சிக்கு இப்போது ஃபேக்டரியில் வேலை. என் வீட்டுக்காரர் போகிற கம்பெனி பஸ்ஸிலேயே போய் வருகிறாள். போன வாரம் வீட்டில் சோப்பு தீர்ந்துபோனது. வேலை முடிந்து வரும்போது வாங்கி வரச் சொன்னேன். அதே சூப்பர்மார்க்கெட், அதே வரிசை. அங்கே போய் அவள் நின்று நின்று அழுவாளோ என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீக்கிரமாக வந்துவிட்டாள். ஏதோ ஒரு சாதாரணப் பாக்கெட்டை மேசைமேல் வைத்தாள்.

"மோந்து பாத்தியா?"

"இல்ல."

"அப்பறம் எப்படி எடுத்தே?"

கையை இன்னும் தோளுக்கு மேலே தூக்க அவளுக்கு முடியவில்லை. விலா எலும்பு கூடிவர நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பையைக் கழற்றி ஆணியில் மாட்டாமல் நாற்காலியில் வைத்தாள்.

"கைக்கு எட்டுனத எடுத்தேன்க்கா" என்றாள்.